சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக்.: எங்கே தொடங்குவது, எதில் சேர்வது

பி.இ. கடைசி ஆண்டுப் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் இப்போது அடிக்கடி வரும் பதில், "சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக்." அதில் எந்தப் பகுதி என்று மறுகேள்வி போட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. விளம்பரங்கள் அப்படிப் பழக்கிவைத்திருக்கின்றன: கறுப்புத் திரை, பச்சை எழுத்து, முகம் தெரியாத ஒரு ஆள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வகுப்பில் எண் கோட்பாடு ஓடுகிறது. பக்கத்து வகுப்பில் சாட்சியச் சட்டம் ஓடுகிறது. இரண்டுக்கும் பட்டத்தின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்தியாவுக்குள் இந்தப் படிப்பைத் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ., எம்.எஸ்ஸி. கணிதம், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சரி. விண்ணப்பத் தேதியும் கட்டணமும் வருடா வருடம் மாறும் என்பதால் அவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மாறாத விஷயங்களை இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை: நான்கில் எது உங்களுடையது

பாடத்திட்டங்களை வரிசையாக வைத்துப் படித்தால் இந்தத் துறை நான்கு பிரிவாகப் பிரிந்து நிற்பது தெரியும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லித்தரும் படிப்புகளும் உண்டு. ஆனாலும் இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட் என்று வரும்போது ஏதாவது ஒரு பிரிவில்தான் நிற்க வேண்டும். அதை முன்பே யோசித்தவர்களுக்குக் கல்லூரி தேர்வு செய்வது பாதி முடிந்த மாதிரி.

முதல் பிரிவு கிரிப்டோகிராஃபி, அதாவது தகவலை ரகசியக் குறியீடாக மாற்றிக் காக்கும் கலை. இது கணிதம். எண் கோட்பாடு, இயற்கணிதம், நிகழ்தகவு மூன்றும் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். பிடித்தவர்களுக்கு இது நல்ல காலம். இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. போன்ற குறியாக்க முறைகளைப் பெரிய குவாண்டம் கணினி உடைத்துவிடும் என்பதை 1994-லேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அப்படிப்பட்ட கணினி வருவதற்கு முன்பே மாற்று முறைகளைத் தயார் செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஆய்வு நடந்தது. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் அந்த மாற்று முறைகளில் முதல் மூன்றைத் தரநிலைகளாக வெளியிட்டது. இனி வங்கி முதல் செல்போன் வரை எல்லாவற்றிலும் பழைய முறையைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். அதற்குக் கணிதம் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

இரண்டாவது, கணினியின் அடிமட்டம்: ப்ராசஸர், இயங்குதளம், கம்பைலர். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு குறைகள் வெளிவந்தன. வேகத்துக்காக ப்ராசஸர் அடுத்து வரப்போகும் வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்துவைக்கும். ஊகம் தப்பினால் அதைத் தள்ளிவிடும். தள்ளிவிட்டாலும் ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் என்ற வேக நினைவகத்தில் சுவடு மிஞ்சுகிறது, அந்தச் சுவட்டின் நேர வித்தியாசத்தை அளந்தே ரகசியத்தைப் படிக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மென்பொருளில் பிழையே இல்லாவிட்டாலும் சில்லிலேயே ஓட்டை. இ.சி.இ. படித்துவிட்டு "எனக்கு இந்தத் துறை ஒத்துவருமா" என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்வது: இந்தப் பிரிவில் சி.எஸ். ஆட்களைவிட நீங்கள் ஒரு படி முன்னே நிற்கிறீர்கள்.

மூன்றாவது, நெட்வொர்க்கும் தற்காப்பும். மால்வேர் எனப்படும் தீய மென்பொருளின் ஆய்வு, அனுமதியோடு தாக்கிப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஊடுருவல் சோதனை, தாக்குதல் நடக்கும்போது கண்டுபிடிப்பது, மின் நிலையம், தண்ணீர் விநியோகம் போன்ற கட்டமைப்புகளைக் காப்பது எல்லாம் இதில் வரும். 2019 அக்டோபரில் கூடங்குளம் விஷயம் நினைவிருக்கலாம். அணுமின் நிலையத்தில் மால்வேர் என்று செய்தி பரவியது. முதலில் மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் நிர்வாக நெட்வொர்க்கோடு இணைந்த ஒரு கணினியில் மால்வேர் இருந்தது உண்மை, உலையை இயக்கும் அமைப்புகள் தனி என்று அறிவித்தது. அந்த "தனி" என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை ஏற்பாடு, எத்தனை சரிபார்ப்பு இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தப் பிரிவில் படிக்கிறீர்கள். வேலைகள் அதிகம் இருப்பதும் இங்கேதான். கூட்டமும் இங்கேதான்.

நான்காவது டிஜிட்டல் தடயவியல், அதோடு சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க, பழைய சட்டத்தின் பிரிவு 65பி-க்குப் பதில் இப்போது பிரிவு 63-இன் கீழ் சான்றிதழ் தர வேண்டும். அந்தப் படிவத்திலேயே கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) குறிக்க இடம் இருக்கிறது. கைப்பற்றிய செல்போனை யார் எப்போது தொட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதாமல் விட்டதால் வழக்கு தளர்ந்துபோகும் உலகம் இது. பொறுமையும் எழுத்து ஒழுங்கும் உள்ளவர்களுக்கு ஏற்ற பிரிவு. கோடிங் மட்டும் போதும் என்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும்.

ஒரு மாதம் கையில் போட்டுப் பாருங்கள்

எது பிடிக்கும் என்று யோசித்தே கண்டுபிடிக்க முடியாது. செய்துதான் பார்க்க வேண்டும். பணம் கட்டும் "எத்திக்கல் ஹேக்கிங்" வகுப்புகளை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுங்கள்; வேண்டியதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒரு உதாரணம். சி மொழியில் பத்துப் பதினைந்து வரியில் ஒரு நிரல் எழுதுங்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் 16 எழுத்து பிடிக்கும் ஒரு பஃபர், அதாவது தற்காலிக நினைவிடம். பயனர் தட்டுவதை அளவு பார்க்காமல் அதில் நகலெடுக்கும் ஒரு வரி. லினக்ஸில் ஜி.சி.சி. கம்பைலரில் ஸ்டாக் பாதுகாப்பை அணைத்து, 32 பிட் நிரலாகக் கம்பைல் செய்து, நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் ஜி.டி.பி. கருவிக்குள் ஓட்டுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-யை நாற்பது தடவை தட்டி என்டர் அழுத்துங்கள். நிரல் விழும். விழுந்த இடத்தின் முகவரி என்று ஜி.டி.பி. 41414141 என்று காட்டும். பதினாறை அடிமானமாகக் கொண்ட ஹெக்ஸ் எண்முறையில் 41 என்பது அந்த 'ஏ' எழுத்தின் ஆஸ்கி எண். ஃபங்ஷன் வேலை முடிந்து எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்துவைத்திருந்த இடத்தில் நீங்கள் தட்டிய எழுத்துகள் ஏறி உட்கார்ந்துவிட்டன. அப்படியானால் அங்கே வேறு முகவரியைத் தட்டினால்? அடுத்து, அணைத்துவைத்த பாதுகாப்பைத் திரும்பப் போட்டு அதே நாற்பது எழுத்தைத் தட்டுங்கள். இப்போது வேறு மாதிரிச் செய்தி வரும். ஏன் என்று தேடிப் படியுங்கள்.

அந்த 41414141-ஐப் பார்த்ததும் இரவு தூக்கம் போனால் இரண்டாம் பிரிவோ மூன்றாம் பிரிவோ உங்களுக்கு. 'சரி, விழுந்துவிட்டது, அதற்கென்ன' என்று தோன்றினாலும் தவறில்லை. ஒரு பென் டிரைவில் அழித்த படங்களை ஆட்டாப்சி என்ற இலவசத் தடயவியல் மென்பொருளில் மீட்டுப் பாருங்கள். அல்லது சிறிய பகா எண்கள் இரண்டை எடுத்துக் காகிதத்திலேயே ஆர்.எஸ்.ஏ. போட்டுப் பாருங்கள். பிக்கோசிடிஎஃப், ஓவர்தவயர் இரண்டும் இலவசப் பயிற்சித் தளங்கள். ஆரம்ப நிலைப் புதிர்கள் தமிழ்நாட்டு பி.இ. சிலபஸ் தெரிந்தவருக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும். பாடமாகக் கேட்க வேண்டுமென்றால் ஐ.ஐ.டி.களின் இலவச இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் சென்னை ஐ.ஐ.டி.யின் காமகோடி நடத்திய தகவல் பாதுகாப்பு வரிசையும், கரக்பூர் ஐ.ஐ.டி.யின் தேப்தீப் முகோபாத்யாய் நடத்திய கிரிப்டோகிராஃபி பாடமும் இருக்கின்றன.

இங்கே ஒரு கண்டிப்பு. கற்றுக்கொண்டதைக் கல்லூரி இணையதளத்திலோ பக்கத்து வீட்டு வைஃபையிலோ சோதித்துப் பார்க்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் பிரிவு 66-இன்படி அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நேர்மையற்ற நோக்கத்தோடு நுழைவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா பார்த்தேன் சார்" என்ற பதில் ஸ்டேஷனில் எடுபடாது. அரசு வேலைக்குப் போகும்போது போலீஸ் சரிபார்ப்பு உண்டு. பாதுகாப்புத் துறை வேலைகளில் அது இன்னும் ஆழமாகப் போகும்.

கேட் தேர்வு

நல்ல இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவாயில் கேட் (GATE) என்ற தேசிய அளவிலான தகுதித் தேர்வுதான். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு என்பது வழக்கமான ஓட்டம். மூன்றாம் ஆண்டு பி.இ. மாணவரே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். எனவே மூன்றாம் ஆண்டில் ஒரு தடவை எழுதிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொது நுண்ணறிவு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னால் கழிவு உண்டு: ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மதிப்பெண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கும், எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கும் கழிவு கிடையாது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எண் கேள்விகளை வெறுமையாக விட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். தோராயமாகவாவது ஒரு எண்ணைப் போட்டுவிட்டு வாருங்கள்.

சுவாரசியம் என்னவென்றால், கணினி அறிவியல் தாளில் இப்போது நெட்வொர்க் பாதுகாப்பு என்ற தலைப்பே இல்லை. முன்பு பொதுச் சாவி, டிஜிட்டல் கையொப்பம், ஃபயர்வால் என்று ஒரு வரி இருந்தது. 2021 சிலபஸில் எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு படிக்கப் போகிறவருக்கான தேர்வில் பாதுகாப்பு இல்லையே என்று பலருக்கு வருத்தம். எனக்கு அது சரி என்றே படுகிறது. இயங்குதளம், கணினி அமைப்பு, நெட்வொர்க், தரவுக் கட்டமைப்பு, தனிக் கணிதம் ஐந்தும் கைவசம் இருப்பவருக்குப் பாதுகாப்பை ஒரு செமஸ்டரில் சொல்லிக்கொடுத்துவிடலாம். டூல்களை மட்டும் ஓட்டத் தெரிந்தவருக்குப் பேஜ் டேபிள் என்றால் என்ன என்று எம்.டெக்.கில் முதலிலிருந்து ஆரம்பிப்பது இரு பக்கத்துக்கும் வேதனை. கேட்டுக்காகப் படிக்கும் ஆறேழு மாதத்தைத் தனி வேலை என்று நினைக்காதீர்கள். அந்தப் பாடங்களைத்தான் உள்ளே போய் ஒவ்வொன்றாக உடைக்கப் போகிறீர்கள்.

இ.சி.இ. மாணவர்கள் இ.சி. தாள் எழுதுவதா சி.எஸ். தாள் எழுதுவதா என்று குழம்ப வேண்டாம். அனுமதிக்கப்பட்ட ஜோடிகளில் இரண்டு தாள் எழுத முடியும். ஹார்டுவேர் பாதுகாப்புக்கு இ.சி. மதிப்பெண்ணை ஏற்கும் துறைகள் உண்டு, சி.எஸ். துறைக்குள் போக வேண்டுமென்றால் சி.எஸ். தாள்தான் கதி.

பட்டியல் போடுவது

தரவரிசையைப் பார்த்து மேலிருந்து கீழே பட்டியல் போடுவது எல்லோரும் செய்வது. இந்தத் துறைக்கு அது சரிப்படாது. பட்டத்தின் பெயரில் 'சைபர் செக்யூரிட்டி' இருக்கிறதா என்பதும் அவ்வளவு முக்கியமில்லை. பொது எம்.டெக். கணினி அறிவியலில் சேர்ந்து, பாதுகாப்புப் பாடங்களை எடுத்து, பாதுகாப்பில் ஆய்வு செய்யும் ஆசிரியரிடம் ப்ராஜெக்ட் செய்தவர், பெயருக்குச் சைபர் செக்யூரிட்டி படித்தவரைவிடப் பல நேரம் நன்றாகத் தேறி வருகிறார்.

நான் சொல்லும் முறை இது. துறையின் இணையப் பக்கத்தில் ஆசிரியர் பட்டியலைத் திறவுங்கள். பாதுகாப்பில் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவர்தான் என்றால் யோசியுங்கள். அவர் விடுப்பில் போனால் உங்கள் ஆண்டு போகும். பிறகு பாடத்திட்டத்தைத் திறந்து, ஆய்வகம் என்று போட்டிருக்கும் இடத்தில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். "பல்வேறு பாதுகாப்புக் கருவிகளைப் பயன்படுத்துதல்" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் ஆய்வகத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதுதான் நடக்கும். "கொடுக்கப்பட்ட நிரலில் நினைவகப் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தல்" என்று குறிப்பாக எழுதியிருந்தால் யாரோ யோசித்து வடிவமைத்த பாடம் அது. கடைசியாக, அங்கே இப்போது படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, ப்ராஜெக்டுக்குக் கைடு எப்படிக் கிடைத்தார் என்று மட்டும் கேளுங்கள். மற்ற எல்லாம் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

எங்கே என்ன பலம் என்று சில இடங்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் சைபர் செக்யூரிட்டிக்கென்றே எம்.டெக். இருக்கிறது, முக்கியக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கு சி3ஐ என்ற மையமும் அங்கே உண்டு. மூன்றாம் பிரிவுக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம். ஹார்டுவேர் பாதுகாப்புக்குக் கரக்பூர். சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற சொந்த ப்ராசஸரையே வடிவமைத்திருப்பதால், அடிமட்டப் பாதுகாப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு அங்கே எம்.எஸ். ஆராய்ச்சிப் பட்டம் நல்ல வாய்ப்பு. அதற்குத் தனியாக எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நடக்கும். எம்.எஸ். என்றால் பாடம் குறைவு, ஆய்வு அதிகம். இரண்டு ஆண்டில் முடியும் என்று நம்பிப் போகக் கூடாது.

கோயம்புத்தூர் எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகத்தின் சைபர் செக்யூரிட்டி மையம் தமிழ்நாட்டில் இந்தப் படிப்பைப் பல காலமாக நடத்திவரும் இடம். அதே பல்கலைக்கழகத்தின் கேரள வளாகமான அமிர்தபுரியில்தான் பயாஸ் என்ற மாணவர் குழு இருக்கிறது. பாதுகாப்புப் புதிர்களை உடைத்துத் தீர்க்கும் சி.டி.எஃப். போட்டிகளில் உலக அளவில் பேர் வாங்கிய குழு. தனியார் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சென்னை தரமணியில் செட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முயற்சியில் 2002-இல் தொடங்கியது. பட்டப்படிப்புக்கான இடம் இல்லை என்றாலும் ப்ராஜெக்ட், ஆய்வுப் பணி என்று பார்க்கும்போது தமிழ்நாட்டு மாணவர்கள் பட்டியலில் இருக்க வேண்டிய பெயர்.

கேட் இல்லாமல்

முதல் பிரிவுக்காரர்களுக்கு நாட்டிலேயே சிறந்த இடங்களில் ஒன்று கேட்டுக்கு வெளியே இருக்கிறது: கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கிரிப்டாலஜி அண்ட் செக்யூரிட்டி எம்.டெக். அவர்களே எழுத்துத் தேர்வு வைப்பார்கள். எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். "கணிதம் படித்துவிட்டு பி.எட். தவிர வழியில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. தேர்வு கடினம். பழைய வினாத்தாள்களை மாதக்கணக்கில் போட்டுப் பழகாமல் போகாதீர்கள்.

நான்காம் பிரிவுக்கு குஜராத் காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம். 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தனி நுழைவுத் தேர்வு உண்டு, எம்.எஸ்ஸி. படிப்புகளும் உண்டு என்பதால் மூன்றாண்டு பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்களுக்கும் வழி திறக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் சைபர் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் சேர்ந்த எம்.எஸ்ஸி. இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகம் மற்றும் அதன் உறுப்புக் கல்லூரிகளின் எம்.இ. இடங்களுக்கு, கேட் மதிப்பெண் இல்லாதவர்கள் எழுத வேண்டியது சீட்டா-பி.ஜி. தேர்வு. எம்.இ., எம்.டெக்.குக்கு முன்பு இருந்த டான்செட்டின் இடத்தில் 2023 முதல் நடப்பது.

இரண்டு ஆண்டு ஒதுக்க முடியாது, சீக்கிரம் வேலை வேண்டும் என்பவர்கள் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்தும் ஆறு மாத முதுநிலை டிப்ளமோவைப் பார்க்கலாம். டிடிஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சி-கேட் (C-CAT) என்ற நுழைவுத் தேர்வு; மேலே சொன்ன கேட் வேறு, இது வேறு. அது பட்டம் ஆகாது, பிறகு பிஎச்.டி.க்குப் போக உதவாது. ஆனால் வேலைக்கான பயிற்சி என்ற அளவில் நியாயமானது. வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்புபவர்களுக்கு கான்பூர் ஐ.ஐ.டி. கேட் கேட்காமல் இ-மாஸ்டர்ஸ் நடத்துகிறது. அதில் ஊக்கத்தொகை கிடையாது, கட்டணம் கைப்பணம்.

சான்றிதழில் கோட்டை விடாதீர்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும். சீட்டு போவது பெரும்பாலும் இதில்தான். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று நாம் வைத்திருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-க்ரீமி லேயர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் அதை முதலில் சரிபாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் கலந்தாய்வின் முதல் சுற்று முடிந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே போய் நில்லுங்கள். நம் ஊர் 69 சதவீத ஒதுக்கீட்டுக் கணக்கும் அங்கே கிடையாது, ஓ.பி.சி.க்கு 27, எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவுக்கு 10.

என்.ஐ.டி.களுக்கு பி.இ.யில் 6.5 சி.ஜி.பி.ஏ. அல்லது 60 சதவீதம் வேண்டும்; எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 6.0 அல்லது 55. அரியர் வைத்திருப்பவர்கள் கேட் எழுதுவதற்குத் தடையில்லை, ஆனால் சேரும் நேரத்தில் பட்டம் முடித்ததற்கு ஆதாரம் கேட்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

கலந்தாய்வு நாட்கள்

ஐ.ஐ.டி.களுக்குப் பொது விண்ணப்பம் கிடையாது. ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியாக, அதனதன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இது மார்ச், ஏப்ரலிலேயே முடிந்துவிடும். அதன் பிறகு கோவாப் என்ற பொதுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், எந்த ஐ.ஐ.டி. உங்களுக்கு இடம் தருகிறது என்பது அங்கேதான் தெரியும். கோவாப்பில் பதிந்தாலே விண்ணப்பித்ததாக ஆகும் என்று நினைத்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

ஒவ்வொரு சுற்றிலும் மூன்று பொத்தான்கள் இருக்கும். ஏற்று முடித்துக்கொள்வது: அத்துடன் உங்கள் ஆட்டம் முடிந்தது, மேலும் நல்ல இடம் வந்தாலும் கிடைக்காது. வைத்துக்கொண்டு காத்திருப்பது: கையில் இருப்பது பத்திரம், மேலே வந்தால் மாறலாம். மறுத்துவிட்டுக் காத்திருப்பது: அந்த இடம் திரும்ப வராது. எதையும் அழுத்தாமல் நேரம் தாண்டினால் மறுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் திருமணம், திருவிழா என்று நெட் கிடைக்காத ஊருக்குப் போகாதீர்கள்.

என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற ஒரே கலந்தாய்வு. ஒரு விண்ணப்பம், விருப்ப வரிசை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் போடலாம். குருஷேத்ரா என்.ஐ.டி. மாதிரி சைபர் செக்யூரிட்டி என்றே எம்.டெக். வைத்திருக்கும் இடங்கள் இதில் வரும். இரண்டு கலந்தாய்வும் ஒரே காலத்தில் ஓடும் என்பதால் தேதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கேட் மூலம் முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் ஊக்கத்தொகை, 24 மாதம். பதிலுக்கு ஐ.ஐ.டி.களில் வாரம் 8 மணி நேரம் போல ஆசிரியருக்கு உதவியாக ஆய்வகம் பார்ப்பது, தாள் திருத்துவது இருக்கும். ஊக்கத்தொகை மாதா மாதம் முதல் தேதி வரும் என்று நம்பி வீட்டுக் கடனைக் கணக்குப் போடாதீர்கள். சில இடங்களில் இரண்டு மூன்று மாதம் சேர்ந்து வரும். வெளிநாடு யோசிப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்பு, கட்டணம் கனம், ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் ஒரு வருடச் செலவுக்கு முடக்கிவைத்த வங்கிக் கணக்கும் இல்லாமல் விசா நகராது. ஜெர்மனியில் போகும் (Bochum), சார்ப்ரூக்கன் (Saarbrücken) இரண்டும் இந்தத் துறைக்குப் பேர்போன ஊர்கள்.

சேர்ந்த பிறகு

முதல் செமஸ்டர் பாடங்கள் அழுத்தும். அதற்கு நடுவிலும் செய்ய வேண்டியது, கைடாக நினைத்திருக்கும் ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது. "சார், உங்களிடம் ப்ராஜெக்ட் செய்யணும்" என்று வெறுங்கையோடு போனால் எல்லோருக்கும் சொல்லும் பதிலே கிடைக்கும். அவருடைய கடைசி இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு, புரியாத ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். புரியாத இடமே போதும்.

தொழில்முறைச் சான்றிதழ்களுக்கு அவசரப்படாதீர்கள். சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஐந்து ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். பட்டம் இருந்தால் ஒரு ஆண்டு குறையும், அவ்வளவுதான். மாணவராக இருக்கும்போது அதில் பணம் போடுவது வீண். ஓ.எஸ்.சி.பி. கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கணினிகளை உடைக்கும் செய்முறைத் தேர்வு. ஊடுருவல் சோதனை வேலைக்கு மதிப்பு உண்டு, விலையும் உண்டு. வேலை கிடைத்தபின் கம்பெனி செலவிலேயே எழுதலாம். இப்போதைக்கு வார இறுதியில் சி.டி.எஃப். விளையாடுங்கள். முடித்த ஒவ்வொரு புதிருக்கும் எப்படி அணுகினீர்கள், எங்கே முட்டினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிவையுங்கள்.

ப்ளேஸ்மென்ட் நேர்காணலில் பெரும்பாலும் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது: பிரவுசரில் ஒரு வங்கியின் முகவரியைத் தட்டி என்டர் அழுத்தினால் என்னென்ன நடக்கும்? பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றும் டி.என்.எஸ்.ஸில் தொடங்கி, இணைப்பை ஏற்படுத்தும் டி.சி.பி.யின் மூன்று கைகுலுக்கல், தகவலைப் பூட்டி அனுப்பும் டி.எல்.எஸ்., சான்றிதழை யார் கையெழுத்திட்டது என்று பார்ப்பது வரை ஐந்து நிமிடத்திலும் சொல்லலாம், ஒரு மணி நேரமும் சொல்லலாம். கேட்பவர் நடுநடுவே நிறுத்தி "இங்கே நான் நடுவில் புகுந்தால்?" என்பார். நெட்வொர்க்கில் ஓடும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்துவைத்து இந்தப் பயணத்தை ஒவ்வொரு பாக்கெட்டாக ஒரு தடவையாவது பார்த்தவர் திணற மாட்டார். வங்கிகள், சி-டாக், டி.ஆர்.டி.ஓ., சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் மையங்கள், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கை நிறுவனங்கள் என்று ஆள் எடுக்கும் இடங்கள் பல. டி.ஆர்.டி.ஓ. மாதிரி இடங்களுக்கு மறுபடியும் கேட் மதிப்பெண் கேட்பார்கள் என்பதால், உங்கள் மதிப்பெண் எந்த ஆண்டோடு காலாவதியாகிறது என்பதை எம்.டெக். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே பார்த்து, தேவைப்பட்டால் அந்த செப்டம்பரிலேயே மறுபடியும் விண்ணப்பித்துவிடுங்கள்.